பிளாட்பாரம் நிரம்பி வழிகிறது: ஆட்களை எங்கே நிறுத்துவது, கீழேயா மேலேயா?

ரவாங்காரன் | திங்கள், இரவு 9.20

வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல், கோலாலம்பூருக்குள் இருக்கும் ஒரு மாற்று நிலையத்தில் ரயில் மாறிப் போகிறவன் நான். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த இழை புகார்ப் பெட்டியாகிவிடும், எனக்கு வேண்டியது அது இல்லை.

போன வாரம் ரயில் தாமதம். பிளாட்பாரம் நிரம்பிவிட்டது. ஆனால் எஸ்கலேட்டர் மேலேயிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கிறது. கீழே வந்து சேர்ந்தால் கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா ஸ்டிரோலரை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக ஒண்டினார். பின்னால் வந்தவர்கள் என் முதுகில் முட்டினார்கள். அவர்கள் மேல் தவறில்லை, படி அவர்களைக் கொண்டுவந்து தள்ளுகிறது. யாரோ "சிவப்புப் பட்டன், சிவப்புப் பட்டன்" என்று கத்த, பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் எட்டி அமுக்கினான். படி நின்றது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

என் கேள்வி இதுதான். இப்படி நிரம்பும் நேரத்தில் ஆட்களை மேலே டிக்கெட் கேட்டிலேயே நிறுத்த வேண்டாமா? வேண்டும் என்கிறேன் நான். என் நண்பனோ, காசு கட்டியவனைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்_சரவெடி | திங்கள், இரவு 9.31

ரயிலைக் கூட்டு. கதை முடிந்தது. இதற்கு ஒரு இழையா?

செல்வி_நடைபாதை | திங்கள், இரவு 10.48

சரவெடி தம்பி, கதை அங்கே முடியாது. கட்டடங்களுக்குள் ஆட்கள் நடமாடும் வழிகளைக் கணக்கிடுவது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கு பெட்டி எம்.ஆர்.டி. (நகர மெட்ரோ) ரயிலில் 1,200 பேர் போகலாம் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. அதில் பாதி, 600 பேர், ஒரே நிலையத்தில் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். இருவர் அகல எஸ்கலேட்டர், ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும், நடைமுறையில் நிமிடத்துக்கு 100 பேரை ஏற்றினால் பெரிய விஷயம். மேலே போவது இரண்டு எஸ்கலேட்டர் என்றால் 600 பேரும் வெளியேற 3 நிமிடம். ரயிலும் 3 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்றால், முந்தைய ரயிலில் வந்த கடைசி ஆள் படியில் கால் வைக்கும்போது அடுத்த ரயிலின் கதவு திறக்கிறது. இரண்டில் ஒரு எஸ்கலேட்டர் பழுது என்றால் 6 நிமிடம். அந்த நேரத்தில் ரயிலைக் கூட்டினால் பிளாட்பாரம் இன்னும் வேகமாக நிரம்பும். கதவு மூட முடியாமல் ரயில் நிற்கும், பின்னால் வரும் ரயில் சுரங்கத்துக்குள் காத்திருக்கும். கூட்டிய ரயில்களால் ஒரு பயனும் இருக்காது.

ஆகவே நெரிசலில் இரண்டு வகை. வெளியே போக வழி போதாமல் தேங்குவது ஒன்று, ஏற ரயில் இல்லாமல் தேங்குவது இன்னொன்று. எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி. போல அடிக்கடி ரயில் வரும் தடங்களில் முதல் வகைதான் அதிகம். புறநகர் ரயிலான கொமியூட்டரில் இரண்டாவது. கொமியூட்டருக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 2016இல் ரவாங் பக்கம் தொடங்கிய இரட்டைத் தண்டவாளச் சீரமைப்பு வேலை, பகுதி பகுதியாக இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தண்டவாளத்தை மூடிவிட்டு மற்றதில் இரு திசை ரயிலையும் விட்டால் இடைவெளி கூடத்தான் செய்யும்.

ரவாங்காரர் சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன். எஸ்கலேட்டர்தான் அங்கே ஆபத்து. படிக்கட்டில் முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் வருபவரும் நிற்கலாம். எஸ்கலேட்டரில் நிற்க முடியாது. அதனால் கூட்டக் கட்டுப்பாட்டின் முதல் விதியே இதுதான்: கீழே இறங்கும் இடம் நிரம்புவதற்கு முன்பே, இறங்கும் எஸ்கலேட்டரை நிறுத்து, அல்லது மேலே போகும்படித் திருப்பிவிடு. "நிரம்புவதற்கு முன்பே" என்பதைக் கவனியுங்கள். நிரம்பிய பிறகு பட்டனை அமுக்கினால் படியில் நிற்பவர்கள் நிலைதடுமாறிச் சரியலாம். அந்தப் பையன் செய்தது சரிதான், வேறு வழியில்லை. அடுத்த முறை "கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு தடவை கத்திவிட்டு அமுக்கச் சொல்லுங்கள்.

கிள்ளான்_சரவெடி | திங்கள், இரவு 10.55

சரி அக்கா, கொமியூட்டருக்காவது நான் சொன்னது சரி என்றீர்களே, அது போதும்.

காசு_கட்டியவன் | திங்கள், இரவு 11.40

அந்த நண்பன் நான்தான். என்னைப் பற்றி இங்கே எழுதிவிட்டுச் சுட்டியையும் எனக்கே அனுப்பியிருக்கிறான்.

கேட்டில் தடுப்பது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. தடுத்துவிட்டால் பிளாட்பாரம் அழகாகக் காலியாகத் தெரியும், கேமராவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? தெருவில் நிற்கிறார்கள். மழையில், இருட்டில், பேருந்து போகும் ஓரத்தில். 2022 நவம்பரில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் 16 நிலையங்கள் பல நாள் மூடிக் கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மாற்றுப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்ற கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். நெரிசலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திவிட்டு அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதோடு, கேட்டில் நிறுத்தப்படுகிறவன் யார் என்று பாருங்கள். ஏற்கெனவே வேறு ரயிலில் வந்து மாறுகிறவன் தடுப்பில்லாமல் உள்ளே போகிறான். தெருவிலிருந்து வருகிறவன், மூலைக்கடையில் வேலை முடித்து வருகிறவன், அவன்தான் வெளியே நிற்கிறான்.

செல்வி_நடைபாதை | செவ்வாய், காலை 7.05

காசு கட்டியவர் கடைசிப் பத்தியில் மிக முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். விரிவாகப் பேச வேண்டும்.

மஸ்ஜிட் ஜாமிக் மாற்று நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடம் மேலே, ஆற்றோரம். இன்னொன்று சுரங்கத்தில். 2011 வரை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டும் என்றால் கேட்டைத் தாண்டி வெளியே வந்து மறுபடியும் உள்ளே போக வேண்டும். அது தொல்லைதான், எல்லோரும் சபித்தோம். பிறகு உள்வழியாகவே மாறலாம் என்று ஆனது. பயணிக்குப் பெரிய நன்மை. ஆனால் கூட்டக் கட்டுப்பாட்டின் கண்ணில் பார்த்தால், மாறுகிறவர்கள் வழியில் இருந்த ஒரே தடுப்பும் போய்விட்டது. அங்கே இப்போது கேட்டை மூடினால் தெருவிலிருந்து வருகிறவர் மட்டுமே நிற்பார். உள்ளே மாறுகிற கூட்டம் வந்துகொண்டே இருக்கும். பாசார் செனியிலும் எல்.ஆர்.டி.க்கும் எம்.ஆர்.டி.க்கும் இடையே அதே நிலைதான்.

நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் கதை வேறு. அங்கே கொமியூட்டருக்குத் தனிக் கேட், எல்.ஆர்.டி.க்குத் தனிக் கேட். மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக நடக்க வேண்டும். எம்.ஆர்.டி.க்கு முசியம் நெகாரா வரை நீண்ட நடைபாதை. "ஒரே கூரையின் கீழ்" என்ற விளம்பரத்துக்கு இது ஒத்துவரவில்லை என்று பலர் குறைசொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கூட்டம் பெருகும் நாளில் அந்தத் தூரமே ஒரு பாதுகாப்பு. நடக்க ஆகும் நேரத்தில் கூட்டம் நீண்டு மெலிந்துவிடுகிறது. நடுவில் பெரிய கூடம் இருக்கிறது, கூரை இருக்கிறது, உட்கார இடமும் ஓரளவு இருக்கிறது. கொமியூட்டர் பிளாட்பாரமோ அந்தக் கூடத்துக்கு அடியில், வெக்கையாக, காற்றோட்டம் குறைவாக இருக்கிறது. ஆட்கள் காத்திருக்க வேண்டும் என்றால் மேலே கூடத்தில் காத்திருப்பதுதான் முறை.

ஆகவே "கேட்டில் தடுக்கலாமா" என்ற கேள்விக்கு எல்லா நிலையத்துக்கும் ஒரே பதில் கிடையாது. கேட்டுக்கு வெளியே கூரையோடு இடம் இருக்கிறதா, மாறுகிறவர்களும் அந்தக் கேட் வழியாகத்தான் வருகிறார்களா, இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் "ஆம்" என்றால் தடுப்பு வேலை செய்யும். இரண்டுக்கும் "இல்லை" என்றால் ரயிலை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஒரு ரயிலை அந்த நிலையத்தில் நிறுத்தாமல் விடுவது, ஆளில்லாத ரயிலை நடுவழியில் இருந்து தொடங்கி அந்தப் பிளாட்பாரத்துக்கு நேராக அனுப்புவது, முந்தைய நிலையங்களிலேயே "இங்கே மாறாதீர்கள், அடுத்த நிலையத்தில் மாறுங்கள்" என்று சொல்வது. லண்டன், ஹாங்காங் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன.

பழைய_கார்டு | செவ்வாய், காலை 10.30

வணக்கம் பிள்ளைகளே. நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். இப்போது கே.எல். சென்ட்ரல் நிற்கிற இடம் எங்கள் காலத்தில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கிற யார்டு. 2001 ஏப்ரலில் புது நிலையம் திறக்கும்வரை நீண்ட தூர ரயில் எல்லாம் 1910இல் கட்டிய அந்தப் பழைய நிலையத்திலிருந்துதான். அங்கேயும் பண்டிகை நாளில் கூட்டம் உண்டு, ஆனால் இந்த அளவு கிடையாது.

செல்வி எழுதியதைப் படித்தேன். கணக்கு எனக்குத் தெரியாது, கயிறு பிடித்துப் பழக்கம். தைப்பூச வேலை செய்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பத்துமலைக்குக் கொமியூட்டர் வந்தது 2010இல். அந்த நிலையம் தடத்தின் முடிவு. ரயில் அங்கே வந்து திரும்ப வேண்டும். சாமி பார்க்க வருகிறவனும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனும் ஒரே வாசலில் முகத்துக்கு முகம் முட்டிக்கொள்வதுதான் அங்கே உள்ள சிக்கல். முதல் வேலை, உள்ளே வரும் வழி ஒன்று, வெளியே போகும் வழி ஒன்று என்று பிரித்துவிட வேண்டும். குறுக்கே ஒரு ஆளைக்கூட விடக்கூடாது. "அண்ணே, என் தம்பி அந்தப் பக்கம் நிற்கிறான்" என்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நூறு தம்பிகள் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ரயில் அளவுக்கு ஆள் விடுவது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறதே, அதுதான். இலை போட்டு முடிக்காமல் கூடத்துக்கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ரயில் வந்து, ஆள் இறங்கி, பிளாட்பாரம் துடைத்தது போல ஆன பிறகு கயிற்றைத் தூக்கு. ஒரு ரயில் கொள்ளும் அளவு போனதும் கயிற்றைப் போடு. அவ்வளவுதான். அவசரப்பட்டு முன்கூட்டியே ஆளை விட்டால் இறங்குகிறவன் வெளியே வர முடியாமல், ஏறுகிறவன் உள்ளே போக முடியாமல், ரயில் பாட்டுக்கு நிற்கும்.

மூன்றாவது, சொல்லும் முறை. "பொறுமையாக இருங்கள், ஒத்துழைப்பு கொடுங்கள்" என்று மைக்கில் சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது. "அடுத்த ரயில் பத்து நிமிடத்தில் வருகிறது, இந்தத் தூண் வரைக்கும் நிற்கிறவர்களுக்கு அதில் இடம் உண்டு, தூணுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அதற்கடுத்த ரயில்" என்று சொல்லிப் பாருங்கள். தூணுக்குப் பின்னால் நிற்பவன் உட்கார்ந்துவிடுவான். பையிலிருந்து முறுக்கை எடுப்பான். தள்ளமாட்டான்.

பால்குடம்_அம்மா | செவ்வாய், மதியம் 1.15

ஐயா, கயிறு போடும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். கயிறு விழும் இடத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நான் உள்ளே, என் மகள் வெளியே. அவளுக்கு அப்போது ஏழு வயது. கயிற்றைப் பிடித்திருந்த பையன் எண்ணிக்கையில் கண்ணாக இருந்தான், நான் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்து அடியில் குனிய வைத்து அனுப்பினார்.

அப்புறம் லிப்ட். ஸ்டிரோலர், சக்கர நாற்காலி, முழங்கால் முடியாதவர்கள் எல்லோரும் லிப்டுக்கு முன்னால். அந்த வரிசையும் கயிற்று வரிசையும் ஒன்றோடொன்று கலந்தால் லிப்ட் திறந்தும் யாரும் வெளியே வர முடியாது.

பழைய_கார்டு | செவ்வாய், மதியம் 2.40

அம்மா சொல்வது நூறு சதவீதம் உண்மை. எண்ணிக்கையைப் பார்த்துக் கயிறு போடக்கூடாது. கண் ஆட்களின் கை மேல் இருக்க வேண்டும். யார் யாருடைய கையைப் பிடித்திருக்கிறார்கள், யார் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறவர் பின்னால் அவருடைய ஆள் இன்னும் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளும் வந்து சேர்ந்த பிறகு கயிறு. பத்துப் பேர் கூடினால் ரயில் கவிழ்ந்துவிடாது. இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை. அவர்களுக்கு ஒரு பச்சை மேல்சட்டையை மாட்டி "போய் நில்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மாறன் | செவ்வாய், மாலை 4.00

சின்ன விலகல், மன்னிக்கவும். நு சென்ட்ரல் 2014இல் திறப்பதற்கு முன்னால் மோனோரயிலுக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் துன் சம்பந்தன் சாலைக்கு இறங்கித்தான் வருவார்கள். வெயில், மழை, கட்டுமானத் தூசு. ஆனால் பூக்கடை, வடைக்கடை, கேசட் கடை எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாடிக்கை. இப்போது குளிர்சாதனத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். கூட்டம் ஒருவருக்குத் தொல்லை, ஒருவருக்குப் பிழைப்பு. சரி, நீங்கள் தொடருங்கள்.

இழைக்காவலர் | செவ்வாய், மாலை 4.20

பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குத் தனி இழை உள்ளது. கேசட் கடை பற்றி அங்கே பேசலாம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

தாமான்_மெலாத்தி_தேவி | செவ்வாய், மாலை 6.50

சிங்கப்பூர் வழியை ஏன் யாரும் சொல்லவில்லை? 2013 ஜூனிலிருந்து 2017 முடியும்வரை, காலை 7.45க்குள் நகர மையத்து நிலையங்களில் வெளியேறினால் கட்டணமே இல்லை என்று வைத்திருந்தார்கள். நெரிசல் நேரத்துக் கூட்டத்தில் ஒரு பகுதி முன்னால் நகர்ந்தது. இங்கேயும் காலை 7 மணிக்குள் போனால் பாதிக் கட்டணம் என்று வைத்துப் பார்க்கலாமே.

செல்வி_நடைபாதை | செவ்வாய், இரவு 8.10

நல்ல யோசனைதான், ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. தினமும் போகிறவர்களில் ஏராளமானோர் கையில் மை50 பாஸ். மாதம் 50 ரிங்கிட் கட்டினால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். அவர்களுக்கு ஒரு பயணத்தின் விலை ஏற்கெனவே பூஜ்யம். பூஜ்யத்தில் பாதி தள்ளுபடி கொடுத்து யாரை எழுப்ப முடியும்? காலையில் சீக்கிரம் வருகிறவர்களுக்குப் பாஸ் புதுப்பிக்கும்போது சில ரிங்கிட் குறைப்பது என்று வைத்தால் ஒருவேளை நடக்கும். என் கருத்தில் அலுவலகங்கள் நேரத்தைத் தளர்த்துவது இதைவிடப் பலன் தரும், ஆனால் அது ரயில் நிலையத்தின் கையில் இல்லை.

இன்னொன்று, எஸ்கலேட்டரில் ஒரு பக்கம் நிற்பது, மறுபக்கம் நடப்பதற்கு விடுவது. மரியாதையான பழக்கம்தான். ஆனால் நெரிசல் நேரத்தில் அது இடத்தை வீணாக்குகிறது, ஏனென்றால் உயரமான எஸ்கலேட்டரில் நடக்கிறவர்கள் குறைவு. லண்டன் ஹோல்பர்ன் நிலையத்தில் 2015இல் இரண்டு பக்கமும் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலான ஆட்களை அதே படி ஏற்றியது. சின்ன எஸ்கலேட்டரில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. நம் ஊரில் சுரங்க நிலையங்களில் செய்து பார்க்கலாம்.

கிள்ளான்_சரவெடி | செவ்வாய், இரவு 8.22

இரண்டு பக்கமும் நின்றால் பின்னால் இருந்து "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று ஒருவர் வருவாரே, அவரை என்ன செய்வது?

பால்குடம்_அம்மா | செவ்வாய், இரவு 8.30

அவரையும் நிற்கச் சொல்.

காசு_கட்டியவன் | செவ்வாய், இரவு 10.15

செல்வி, உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. கே.எல். சென்ட்ரல் கூடத்தில் நிறுத்துவது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்துவதே ஆபத்தாகவும் ஆகலாம். போன வருடம் டெல்லியில் என்ன நடந்தது? 2025 பிப்ரவரி 15, புது டெல்லி நிலையம், கும்பமேளாவுக்குப் போகும் கூட்டம், 18 பேர் இறந்தார்கள். அங்கேயும் காத்திருந்தவர்கள்தானே?

செல்வி_நடைபாதை | புதன், காலை 6.55

காத்திருந்தவர்கள்தான். ஆனால் எங்கே காத்திருந்தார்கள் என்று பாருங்கள்: பிளாட்பாரத்திலும் மேம்பாலப் படியிலும். இரண்டு ரயில்களின் பெயரிலும் "பிரயாக்ராஜ்" இருந்ததால் அறிவிப்பைக் கேட்டவர்கள் குழம்பி வேறு பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள் என்று டெல்லி போலீஸ் சொன்னது. மேம்பாலப் படியில் ஒருவருடைய தலைச்சுமை சரிந்து விழுந்ததுதான் தொடக்கம் என்று பின்னர் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எதை எடுத்தாலும் உயிர் போனது படியில். அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவும் பொருத்தமானது: 73 நிலையங்களில் நிலையத்துக்கு வெளியே நிரந்தரமான காத்திருப்புப் பகுதி, ரயில் வந்த பிறகே பிளாட்பாரத்துக்கு ஆள்.

மும்பை எல்ஃபின்ஸ்டோன் ரோடு நிலையம், 2017 செப்டம்பர் 29. அதுவும் படிதான், நடைமேம்பாலம். திடீர் மழை. வெளியே போக வேண்டியவர்கள் நனையாமல் இருக்கப் பாலத்தின் வாயிலேயே நின்றார்கள், பின்னால் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இது எனக்குக் கோலாலம்பூரை நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிற விஷயம். இங்கே மாலை ஐந்தரைக்கு மழை பிடிப்பது என்ன அதிசயமா? எந்த நிலைய வாசலிலும் பாருங்கள். கூரை முடியும் கோட்டில் எல்லோரும் நின்று கைப்பேசியில் கிராப் டாக்சி தேடுவார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதன் பின்னால் டிக்கெட் கேட், அதன் பின்னால் மேலே வரும் எஸ்கலேட்டர். ரவாங்காரருக்குக் கீழே நடந்தது இங்கே மேலே நடக்கும். மழை நாளில் பிளாட்பாரத்தில் நிற்கும் ஊழியர்களில் இருவரை வாசலுக்கு அனுப்பி, "உள்ளே இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், வழியை விடுங்கள்" என்று சொல்ல வைத்தாலே போதும். கூரையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் அதைவிட நல்லது. இதற்கு ஆகும் செலவை ஒரு ரயில் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பழைய_கார்டு | புதன், காலை 9.10

டெல்லிச் செய்தியில் நான் கவனித்தது அறிவிப்பு. கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தை மாற்றிச் சொல்லக்கூடாது. வேறு வழியே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ரயிலை அங்கேயே நிறுத்தி வைத்து, "இந்த ரயில் உங்களுக்காக நிற்கும், அவசரம் வேண்டாம்" என்பதை முதலில் சொல்லி, அப்புறம் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணை முதலில் சொன்னால் அதற்கு மேல் எவன் கேட்கிறான்? எல்லோரும் படியில் இருப்பார்கள்.

தைப்பூசத்துக்கு இன்னொரு விஷயம். பதிவு செய்த குரலை நம்பாதீர்கள். ஒரு ஆள், கையில் மெகாபோன், தமிழில். "ஐயா, அம்மா" என்று கூப்பிட்டுப் பேசினால் நம் சனங்கள் கேட்பார்கள். மலாயில் ஒலிபெருக்கி சொல்வதும் புரியும்தான், ஆனால் முகம் தெரிகிற ஆள் சொல்வது வேறு.

தாமான்_மெலாத்தி_தேவி | புதன், காலை 11.45

தைப்பூசத்துக்குச் சில வருடங்களாகக் கொமியூட்டர் இலவசம் என்று விடுகிறார்களே, அது கூட்டத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா?

பழைய_கார்டு | புதன், மதியம் 12.30

ஆள் கூடும், ஆனால் கேட்டில் சிக்கல் குறையும். அட்டையில் காசில்லை, கேட் திறக்கவில்லை, காசு ஏற்றும் இடம் எங்கே என்று நிற்கிறவன் ஒருவன் இருந்தால் போதும், பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். இலவச நாளில் அந்தத் தகராறு இல்லை. எனக்கு இலவசம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்தில் வந்து கம்போங் பத்துவில் கொமியூட்டருக்கு மாறலாம் என்று இப்போது பலர் கிளம்புகிறார்கள். செந்தூல் பக்கமிருந்து வரும் ரயில் அங்கே வரும்போதே நிறைந்திருக்கும். அங்கே ஏற இடம் கிடைக்காது. விடியற்காலை என்றால் சரி, இல்லாவிட்டால் ரயில் காலியாக இருக்கும்போதே ஏறும்படி முன்னாலிருந்து வருவது நல்லது.

ரவாங்காரன் | புதன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு பாடத்திட்டம். ஊழியர்கள் செய்ய வேண்டியதெல்லாம் புரிந்தது. என்னைப் போல ஒரு பயணி என்ன செய்யலாம்?

செல்வி_நடைபாதை | புதன், இரவு 9.40

படி இறங்கியதும் அங்கேயே நிற்காமல் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடங்கள். எந்த நிலையத்திலும் படியடியில்தான் கூட்டம், கோடியில் இடம் இருக்கும். ஆனால் கொமியூட்டரில் மூன்று பெட்டி ரயிலா ஆறு பெட்டி ரயிலா என்று பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் கோடியில் நின்றுவிட்டுத் திரும்பி ஓட வேண்டியிருக்கும். நடுவில் பெண்கள் பெட்டி இருக்கும், அதற்கு நேராக நிற்காதீர்கள். கதவு திறந்ததும் இரண்டு பக்கமும் ஒதுங்குங்கள், நடுவில் நிற்காதீர்கள். மேலேயிருந்து பார்க்கும்போதே கீழே தலைகள் அசையாமல் நின்றால் எஸ்கலேட்டரில் கால் வைக்காதீர்கள். பின்னால் இருப்பவர் திட்டினால் திட்டட்டும்.

பால்குடம்_அம்மா | புதன், இரவு 9.55

பெண்கள் பெட்டியில் ஏறி நிற்கும் ஆண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்த இழையைப் பூட்டிவிடுவார்கள்.

காசு_கட்டியவன் | புதன், இரவு 11.05

சரி, தடுப்பு போடட்டும். கூரைக்குக் கீழே, கூடத்தில், லிப்டுக்குத் தனி வழியோடு. ஆனால் அந்தத் தடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் கண்ணில் படும்படி அடுத்த மூன்று ரயில்களின் நேரம் பலகையில் இருக்க வேண்டும். உள்ளே பிளாட்பாரத்தில் மட்டும் பலகையை மாட்டி வைத்துவிட்டு வெளியே நிற்கிறவனை இருட்டில் விட்டால் நான் மறுபடியும் கத்துவேன். கொமியூட்டர் இடைவெளி எப்போது குறையும்? என் கேள்வியும், சரவெடி தம்பியின் கேள்வியும் அதுதான், இன்னும் அப்படியே நிற்கிறது.

கிள்ளான்_சரவெடி | புதன், இரவு 11.07

முதல் நாளே சொன்னேன். ரயிலைக் கூட்டு.